புலிக்குகைப் பாதையில் ஒரு காத்திருப்பு

வெள்ளியங்கிரி மலையை நான் பதினொரு முறை ஏறியிருக்கிறேன். வங்கிப் பணியில் எந்த ஊருக்கு மாற்றலாகிச் சென்றாலும், மகா சிவராத்திரிக்கும் சித்திரா பௌர்ணமிக்கும் இடையில் ஓர் இரவைத் தென்கயிலைக்கென்று ஒதுக்கிவிடுவது வழக்கம். பூண்டி அடிவாரத்தில் ஆண்டவரை வணங்கி, மூங்கில் தடி ஒன்றை வாங்கிக்கொண்டு இரவில் ஏறத் தொடங்கினால், பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை எனத் தங்கித் தங்கி, விடியும் வேளையில் ஏழாவது மலையில் சுயம்புலிங்க தரிசனம் கிட்டும். அந்தக் குளிரிலும் கண்ணீர் சுடும்.

அந்தப் பதினொரு முறையும் என் மனைவி அடிவாரத்தில் காத்திருந்தார். இளவயதுப் பெண்கள் அம்மலை ஏறுவதில்லை என்பது மரபு. கட்டுச்சோற்று மூட்டையுடன் கோயில் மண்டபத்தில் இரவைக் கழித்து, மறுநாள் நண்பகலில் நான் கால் நோக இறங்கி வரும்போது தண்ணீர்ச் செம்புடன் எதிரே வருவார். அதை ஒரு பொருட்டாக நான் எண்ணியதே இல்லை. சென்ற ஐப்பசியில், ஆயிரக்கணக்கான கல் தொலைவுக்கு அப்பால், பூடான் நாட்டு மலைச்சரிவு ஒன்றில் தனியே அமர்ந்திருந்த நான்கு மணி நேரத்தில்தான் அந்தப் பதினொரு இரவுகளின் பொருள் எனக்கு விளங்கிற்று.

போகலாமா, கூடாதா?

பணி ஓய்வு பெற்ற எங்களைப் போன்றோர் சிலர் நாள்தோறும் காலையில் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் சந்திப்பதுண்டு. காசி, கயா, பத்ரி என ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பின், பூடானுக்கு ஒரு பண்பாட்டுச் சுற்றுலா செல்லலாம் என்ற பேச்சு எழுந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி அன்பர்கள் இருபத்திருவர் சேர்ந்தோம். எனக்கு ஒரு தடை இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவன் நான். “போய் வாருங்கள், ஆனால் மலையேற்றம் மட்டும் கூடாது” என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

என் மனைவிக்கு இருந்த தயக்கம் வேறு. “ஏனுங்க, அது பௌத்தருங்க நாடாச்சே. நாம சாமி கும்பிடப் போறமா, ஊர் பாக்கப் போறமா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நாள் தவறாமல் பேரூர் பட்டீசுவரரைத் தொழும் சைவக் குடும்பம் எங்களுடையது. எங்கள் குழுவிலிருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதற்கு விடை சொன்னார். தஞ்சையில் பெரிய கோயிலை எழுப்பிய சிவபாதசேகரன் முதலாம் இராசராசன்தான், ஸ்ரீவிசய நாட்டு மன்னர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தான். அச்செய்தி செப்பேட்டில் உள்ளது. நம் ஐம்பெருங்காப்பியங்களுள் மணிமேகலை பௌத்த காப்பியம். நேபாளத்து முக்திநாத்தில், ஆழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமத் திருத்தலத்தில், இன்றும் பௌத்தத் துறவுப் பெண்டிர் தொண்டு புரிகின்றனர். “சொந்த வீட்டில் உறுதியாக நிற்பவன் அடுத்த வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்லலாம் அம்மா” என்றார். என் மனைவி அன்றே பெட்டியை எடுத்து வைத்தார்.

எல்லைக்கு அப்பால்

கொல்கத்தா வழியாக பாக்டோக்ராவுக்கு விமானம். அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களின் ஊடே நான்கைந்து மணி நேரப் பயணம். இந்தியப் பக்கத்தில் ஜெய்கான், பூடான் பக்கத்தில் புந்த்சோலிங். இடையே ஒரு வாயில்தான். ஜெய்கானின் இரைச்சலும் ஒலிப்பான்களும் அந்த வாயிலோடு நின்றுவிடுகின்றன. கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொள்ள வேண்டும்.

பழைய வங்கிக்காரனுக்கு ஒரு மகிழ்ச்சி: அந்நாட்டு நாணயமாகிய ‘நுல்ட்ரம்’ நம் ரூபாய்க்குச் சரிநிகர். ஒன்றுக்கு ஒன்று. கடைகளில் நம் ரூபாயையும் வாங்கிக்கொள்கின்றனர். வெளிநாட்டில் மாற்று விகிதம் கணக்கிடாமல் காய்கறி விலை கேட்டது என் வாழ்வில் இதுவே முதன்முறை.

எங்கள் வழிகாட்டி முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். முழங்கால் அளவுள்ள ‘கோ’ என்னும் மரபுடை அணிந்திருந்தார். அரசு அலுவலகங்களுக்கும், கோட்டை மடாலயங்களாகிய ‘ஜோங்’குகளுக்கும் செல்லும் பூடானியர் அனைவரும் இவ்வுடையில்தான் செல்ல வேண்டும், உள்ளே செல்லும்போது ஆடவர் தோளின் குறுக்கே ஓர் அங்கவஸ்திரமும் அணிய வேண்டும். கோயிலுக்கு வேட்டி அணிந்து வரச் சொன்னாலே நம் பேரப்பிள்ளைகள் முகம் சுளிப்பது நினைவுக்கு வந்தது.

உணவைப் பற்றி அஞ்சியவர்களுக்கு ஆறுதலும் கிடைத்தது. செந்நிற அரிசிச் சோறும், மிளகாயையே காயாகக் கொண்டு பாலாடைக்கட்டியில் வேகவைத்த ‘எமா தாட்சி’யும் அவர்களது அன்றாட உணவு. காரம் நம் ஊரையும் மிஞ்சுகிறது. விருந்தினரை வரவேற்கவும், சடங்குகளுக்கும் வெற்றிலை பாக்கு வழங்குகிறார்கள். தாம்பூலத் தட்டைக் கண்டதும் எங்கள் பெண்மணிகளுக்குப் பாதி அந்நியம் போய்விட்டது.

முதியோருக்கான பிரகாரம்

தலைநகர் திம்பு ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. நகரின் முதன்மைச் சந்திப்பில் போக்குவரத்து விளக்கு கிடையாது. காவலர் ஒருவர் கையசைவிலேயே வாகனங்களை நடத்துகிறார். குன்றின் மேல் 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் புத்தர் திருவுருவமும், அதனுள்ளே வைக்கப்பட்டுள்ள 1,25,000 சிறு புத்தர் உருவங்களும் பயணிகள் தவறாமல் காண்பவை. ஆயினும் என் நெஞ்சில் நின்றது வேறோர் இடம்.

மூன்றாம் மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் நினைவாக 1974ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட வெண்ணிற நினைவுத் தூபி அது. விடியற்காலையில் நாங்கள் சென்றபோதே அங்கு நூற்றுக்கணக்கான முதியோர் வலம் வந்துகொண்டிருந்தனர். ஒரு கையில் செபமாலை. மறு கையில் மந்திரம் எழுதிய சுருளைப் பொதிந்த சிறிய சுழல் உருளை. உதடுகள் ஓயாமல் அசைகின்றன. களைத்தால் வாயிலருகே உள்ள பெரிய உருளைகளின் பக்கத்தில் அமர்ந்து கதை பேசுகிறார்கள். மீண்டும் எழுந்து வலம் வருகிறார்கள்.

“இவர்கள் எவ்வளவு நேரம் இருப்பார்கள்?” என்று வழிகாட்டியைக் கேட்டேன். “பலர் மாலை வரை. என் பாட்டியும் வருவார். மதிய உணவைக் கையோடு கொண்டுவந்து விடுவார்கள்” என்றார். சற்று நிறுத்தி, “இளமையில் வயலையும் மாட்டையும் பார்த்தார்கள். இப்போது இதுதான் அவர்கள் வேலை. எங்களுக்காகவும் சேர்த்துச் செய்கிறார்கள்” என்றும் கூறினார்.

கோவையின் அடுக்குமாடி வீடுகளில், பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு அலைபேசி ஒலிக்காதா என்று காத்திருக்கும் என் வயதினரை நினைத்துக்கொண்டேன். நமக்கும் பிரகாரங்கள் உள்ளன. பேரூரில் உண்டு, அவிநாசியில் உண்டு. பொழுது போகவில்லை என்று சலித்துக்கொள்ளும் நாம், வலம் வருவதையே ஒரு வேலையாகக் கொண்டோமா?

ஐம்பூதக் கொடிகள், இரு நதிக் கூடல்

திம்புவிலிருந்து புனாக்கா செல்லும் வழியில் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் டோச்சுலா கணவாய் உள்ளது. அங்கே 108 தூபிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. பூடான் மண்ணில் பதுங்கியிருந்த இந்தியப் போராளிக் குழுக்களை வெளியேற்ற 2003 டிசம்பரில் நடந்த போரில் உயிர்நீத்தோர் நினைவாக அரசியார் எழுப்பியவை அவை. அஷ்டோத்திரத்திலும் திவ்விய தேசங்களிலும் நாம் கண்ட அதே நூற்றெட்டு.

கணவாயெங்கும் கயிறுகளில் துணிக்கொடிகள் படபடக்கின்றன. நீலம் வானம், வெண்மை காற்று, சிவப்பு நெருப்பு, பச்சை நீர், மஞ்சள் நிலம் என்று வழிகாட்டி விளக்கினார். காஞ்சி, திருவானைக்கா, அண்ணாமலை, காளத்தி, தில்லை என்று என் மனைவி விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அவ்விளைஞர் வியப்புடன் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மலைச்சரிவுகளில் உயர்ந்த கம்பங்களில் வெண்கொடிகள் மட்டும் கூட்டமாக நின்றால், அவை இறந்தோர் நினைவாக உறவினர் நட்டவை. அவையும் நூற்றெட்டு.

புனாக்காவில் ‘போ’ என்னும் ஆண் நதியும் ‘மோ’ என்னும் பெண் நதியும் கூடுகின்றன. அக்கூடலின் நடுவே, 1637-38ஆம் ஆண்டுகளில் ஷப்த்ருங் நவாங் நம்கியால் என்னும் துறவரசர் கட்டிய கோட்டை மடாலயம் ஒரு கப்பலைப் போல் நிற்கிறது. 1907 டிசம்பர் 17 அன்று பூடானின் முதல் மன்னருக்கு முடிசூட்டப்பட்டது இங்குதான். பவானி கூடுதுறையில் காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேரும் இடத்தில் சங்கமேசுவரர் எழுந்தருளியிருப்பதை அறிந்த ஈரோட்டு அன்பர்கள், அந்தப் பாலத்தில் நின்று கைகூப்பியதில் வியப்பில்லை.

கருவறை போன்ற உள்மண்டபத்தில் துறவி ஒருவர் செம்பிலிருந்து நறுமண நீரை எங்கள் உள்ளங்கையில் வார்த்தார். பருகிவிட்டு எஞ்சியதைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும். எவரும் சொல்லித்தராமலே எங்கள் இருபத்திரண்டு கைகளும் அதைச் சரியாகச் செய்தன.

மகிழ்ச்சிக்கு ஒரு கணக்கு

நாட்டின் வளத்தைப் பணத்தால் மட்டும் அளக்கலாகாது, மக்களின் மன நிறைவாலும் அளக்க வேண்டும் என்னும் கருத்தை 1970களில் முன்வைத்தவர் நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக். 2008இல் நிறைவேறிய அரசியலமைப்புச் சட்டம், நிலப்பரப்பில் 60 விழுக்காடு எக்காலத்தும் காடாகவே இருக்க வேண்டும் என விதிக்கிறது. வெட்டப்பட்ட நொய்யல் கரை மரங்களையும் ஆற்றில் ஓடும் சாயக்கழிவையும் கண்டு வளர்ந்த நாங்கள், அங்குள்ள ஆறுகளின் அடிக்கல் தெரியும் தெளிவைக் கண்டு பேச்சிழந்தோம்.

ஆனால் வரவு மட்டும் எழுதிச் செலவை மறைப்பது நல்ல கணக்கு ஆகாது. பூடானின் தென்பகுதியில் நேபாளி மொழி பேசும் இந்துக்கள் வாழ்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் குடியுரிமை, மொழி, உடை தொடர்பான கெடுபிடிகளால் அவர்களில் பெருந்தொகையினர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு நேபாள முகாம்களில் பல்லாண்டுகள் வாழ்ந்து, பின்னர் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர். இன்று பூடானில் தசைன் பண்டிகை பொது விடுமுறை நாள். ஆயினும் அந்தப் பழைய வடு முற்றிலும் ஆறிவிட்டதாகச் சொல்ல முடியாது. இதையும் அறிந்துகொண்டே அந்நாட்டை வணங்குவது முறை.

புலிக்குகை

பயணத்தின் இறுதியில் பாரோ பள்ளத்தாக்கை அடைந்தோம். அங்குள்ள கியிச்சு ஆலயம் ஏழாம் நூற்றாண்டில் திபெத்திய மன்னர் சோங்சென் கம்போ எழுப்பியதாகக் கருதப்படுவது. மூலவரின் முன்னுள்ள மரத்தரையில், தலைமுறை தலைமுறையாக விழுந்து வணங்கியோரின் உடல் தேய்த்த பள்ளங்கள் உள்ளன. என் மனைவி குனிந்து அவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை ‘தக்த்சாங்’, அதாவது புலிக்குகை. எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலி மீதேறிப் பறந்து வந்து தவமிருந்த குகை என்பது நம்பிக்கை. அக்குகையைச் சுற்றி 1692இல் கட்டப்பட்ட மடாலயம், பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1998 ஏப்ரலில் தீக்கு இரையானது; 2005இல் பழையபடியே மீண்டும் எழுந்தது.

அடிவாரத்தில் ஊன்றுதடி வாடகைக்குக் கிடைக்கிறது. அதைக் கண்டதும் பூண்டி நினைவு வந்து என் கால்கள் பரபரத்தன. பாதி வழியிலுள்ள சிற்றுண்டி விடுதி வரை குதிரையில் செல்லலாம். மருத்துவர் சொல்லை மீறாமல் நான் குதிரையேறி அங்கு சேர்ந்தேன். என் மனைவி நடந்தே வந்தார்.

விடுதித் திண்ணையிலிருந்து பார்த்தால் எதிர்ப்பாறையில் மடாலயம் கைக்கெட்டும் தொலைவில் தெரிவது போலிருக்கும். ஆனால் மேலும் ஒரு மணி நேர ஏற்றமும், பிறகு அருவிவரை இறங்கி மறுபுறம் ஏறும் எழுநூறுக்கும் மேற்பட்ட படிகளும் உள்ளன. “நீயும் இங்கேயே இருந்துவிடு” என்றேன். அறுபத்து நான்கு வயது. சர்க்கரை நோய் உண்டு. அவர் எதிர்ப்பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க இங்கயே உக்காந்திருங்க. நான் போயிட்டு வந்து சொல்றனுங்க” என்று கூறிவிட்டுத் தடியை ஊன்றிக் கிளம்பிவிட்டார். நாற்பது ஆண்டுத் தாம்பத்தியத்தில் என்னைக் காத்திருக்கச் சொன்னது அதுவே முதன்முறை.

முதல் ஒரு மணி நேரம் எளிதாகப் போயிற்று. தேநீர் அருந்தினேன், ஐந்தெழுத்தை எண்ணி எண்ணிச் சொன்னேன். அதன் பிறகு எண்ணிக்கை தவறத் தொடங்கியது. எதிர்ப்பாறைப் படிகளில் எறும்புகளாய் ஊரும் மனிதர்களுக்கிடையே அவருடைய சிவப்புச் சால்வையைத் தேடினேன். தெரிந்தது போலிருந்தது, பிறகு அது வேறு யாரோ. மாத்திரை போட்டுக்கொண்டாரா? தண்ணீர் எடுத்துக்கொண்டாரா? படியில் ஈரம் இருக்குமோ? நண்பகல் கடந்தது. எங்கள் குழுவினர் ஒவ்வொருவராக இறங்கி வந்தனர். “அக்கா பின்னால் மெதுவாக வருகிறார்” என்று ஒருவர் கூறினார். எவ்வளவு பின்னால் என்று அவருக்குத் தெரியவில்லை.

அலைபேசி இல்லாத அந்நாளில், நள்ளிரவில் மழை பெய்த ஓர் ஆண்டில், நான் இறங்கிவர மாலை ஆகிவிட்டது நினைவுக்கு வந்தது. அன்று பூண்டி மண்டபத்தில் அவர் என்ன நினைத்திருப்பார்? நான் கேட்டதில்லை. கால்வலியைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். மலை ஏறியவன் நான், தரிசனம் கண்டவன் நான், புண்ணியம் என் கணக்கில். அடிவாரத்தில் செலவான இரவுகளை எந்தப் பேரேட்டிலும் நான் பதியவில்லை. பெண்கள் ஏறலாகாது என்ற வயது அவருக்குக் கடந்த பின்னும் “நீயும் வருகிறாயா?” என்று நான் ஒருமுறைகூட அழைத்ததில்லை.

இரண்டு மணியளவில் திருப்பத்தில் சிவப்புச் சால்வை தெரிந்தது. வழிகாட்டியின் கையைப் பற்றியபடி வந்தார். நான் எழுந்து, விடுதியில் வாங்கி வைத்திருந்த வெந்நீர்க் குவளையுடன் எதிரே நடந்தேன்.

உள்ளே அலைபேசிக்கோ படம் எடுக்கவோ அனுமதி இல்லை. வாயிலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். ஆகவே அவர் சொல்லித்தான் நான் காண வேண்டும். நெய்விளக்குகளின் வரிசை, பாறையோடு பாறையாக இருக்கும் குளிர்ந்த கருவறைகள், குரு தவமிருந்த குகை, அருவியின் ஓசை எனச் சொல்லிக்கொண்டே வந்தவர், மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். துறவி வார்த்த தீர்த்தத்தில் அதன் நுனியை நனைத்து முடிந்து வைத்திருந்தார். அதை என் தலையில் ஒற்றினார்.

“பயந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

ஆம் என்றேன்.

“ஏறிப் போறது சுலுவுங்க. கீழ உக்காந்திருக்கறதுதான் செரமம்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, தெரிந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்.

செல்ல விரும்புவோருக்கு

இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. நுழைவு அனுமதி பெற வேண்டும். அதற்குக் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் அட்டை மட்டும் போதாது. தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஆளொன்றுக்கு 1,200 ரூபாய் அரசுக்குச் செலுத்த வேண்டும். புறப்படுமுன் அப்போதைய கட்டணத்தைக் கேட்டறிக. மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலம். உயரமான இடங்கள் என்பதால் இதயம், இரத்த அழுத்தம், மூச்சு தொடர்பான நோயுள்ளோர் மருத்துவரைக் கலந்துகொள்வது கட்டாயம். வழக்கமான மாத்திரைகளைப் பயண நாட்களுக்கும் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். ஆலயங்களில் தொப்பியும் காலணியும் நீக்கி, தோளும் முழங்காலும் மறையும் உடை அணிய வேண்டும். தூபிகளை இடமிருந்து வலமாகவே சுற்ற வேண்டும். நமக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. புலிக்குகை வரை ஏற இயலாதவர்கள் வருந்த வேண்டாம். பாதி வழியிலிருந்தே தரிசனம் நன்றாகக் கிடைக்கும்.

இவ்வாண்டு மகா சிவராத்திரி முடிந்த மறுவாரம் பூண்டிக்குச் சென்றோம். என் தம்பி மகன் முதன்முறையாக மலையேறினான். அவனுக்கு மூங்கில் தடி வாங்கிக் கொடுத்துவிட்டு, நாங்கள் இருவரும் ஆண்டவர் சந்நிதியை வலம் வந்து மண்டபத்தில் அமர்ந்தோம். கட்டுச்சோற்று மூட்டையை நான்தான் சுமந்து வந்திருந்தேன். இரவு முழுவதும் மலைப்பாதையில் விளக்குகள் நகர்ந்துகொண்டிருந்தன. விடியற்காலையில் என் மனைவி சற்றுக் கண்ணயர்ந்தார். நான் விழித்திருந்தேன்.